விஜயதசமி அன்று கிளம்பாத சோடா வண்டி

நான் எழுத உட்கார்ந்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. சாந்தோமில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கார்டு போடத்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், அதிலும் ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வண்டியைப் பற்றித் தெரிந்தவர் என் வீட்டுக்காரர். அவரை எழுதச் சொன்னால், "அதுல எழுதறதுக்கு இன்னா கீது" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அதனால் நான் எழுதுகிறேன். தப்பாகச் சொல்லியிருந்தால் அது என் தப்பு, வண்டியின் தப்பு இல்லை.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சோடா கம்பெனி ஒன்றின் பின்கட்டில் குடியிருந்தோம். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம். ஒரு பக்கம் பாட்டிலில் கேஸ் ஏற்றுகிற மெஷின், இன்னொரு பக்கம் பாட்டில் கழுவும் தொட்டி, நடுவில் முற்றம். முற்றத்தில் வண்டி நிற்கும். என் வீட்டுக்காரர் அங்கே டிரைவர். டிரைவராக இருந்ததால்தான் அந்தப் பின்கட்டு அறை எங்களுக்குக் கிடைத்தது.

வண்டி மிகவும் பழையது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. என் வீட்டுக்காரர் அதைப் பிக்கப் என்பார், மற்றவர்களுக்கு அது சோடா வண்டி. பேட்டரி சோர்ந்துபோய், பட்டனை அழுத்தினால் கிளம்புகிற காலம் எப்போதோ போய்விட்டது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் சொருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். சில சமயம் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படி ஒருமுறை உதைத்ததில் அவருடைய வலது மணிக்கட்டு வீங்கி, அப்புறம் சரியாகவே ஆகவில்லை. மழை வருகிறது என்பதை வானத்தைப் பார்க்காமலே அவர் கையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். தினமும் விடியுமுன் அந்த ஹேண்டில் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். எழுந்ததும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அலுப்புதான்.

உலகச் சண்டை முடிந்திருந்தது. பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்து கொடுப்பது முடியவில்லை. கிடைக்கிற பெட்ரோலில் அடையாறுக்குப் போனால் தியாகராய நகருக்குப் போக முடியாது. முதலாளியின் மைத்துனர் கொஞ்ச நாளாகவே வந்து வந்து ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். வண்டியை விற்றுவிடலாம், மாட்டு வண்டி வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது.

"மாட்டுக்குக் கூப்பன் வாணாம் மாமா. மாட்டுக்குப் பிளக்கும் வாணாம்" என்பார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு விறகு மண்டிக்காரர் வண்டியைக் கேட்டிருந்தார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம்.

முதலாளிக்கு மனசு வரவில்லை. அந்த வண்டி வந்த பிறகுதான் அவருடைய சோடா அடையாறு பாலத்தைத் தாண்டியது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் ஒரு முடிவு சொன்னார். விஜயதசமி அன்று மத்தியானத்துக்குள் முதல் லோடு, வருஷா வருஷம் போகிற மாதிரி, அடையாறு கடைக்குப் போய்விட்டால் வண்டி இருக்கும். போகாவிட்டால் மைத்துனர் சொல்கிறபடி.

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது இதைச் சொன்னார். "வண்டி பூட்ச்சின்னா டிரைவருக்கு இங்க இன்னா வேலை? இந்த ரூமும்தான் பூடும்" என்றார். நான் அவர் தட்டில் குழம்பு ஊற்றினேன்.

ஆயுத பூஜை அங்கே பெரிய விசேஷம். கம்பெனியில் இருக்கிற சாமான் எல்லாம் கழுவப்பட்டு அம்பாள் படத்துக்கு முன்னால் போகும். மெஷினின் பித்தளைக் குழாய், சர்பத் கிண்டுகிற கரண்டி, வண்டியின் ஸ்பானர்கள், எல்லாம். பொட்டு வைக்கிறது முதலாளி கையால்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார். வண்டியை உள்ளே கொண்டுபோக முடியாது அல்லவா? அதனால் அதன் பிளக் நாலையும் கழற்றி வாங்கிப் பூஜையில் வைப்பார். வண்டிக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பிளக்கில்தான் நெருப்புப் பொறி வந்து பெட்ரோலைப் பற்ற வைக்கிறது என்று என் வீட்டுக்காரரும் எனக்குச் சொல்லியிருக்கிறார், ஆகவே முதலாளி சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பொரி கடலை வாங்கிக்கொள்வோம், பூஜை நடக்கிற இடத்துக்குள் போகமாட்டோம். வா என்று அவர்கள் கூப்பிட்டதும் இல்லை, வராதே என்று சொன்னதும் இல்லை. என் வீட்டுக்காரர் பிளக்குகளைத் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்து வாசற்படியில் கொடுப்பார். மறுநாள் காலை அதே வாசற்படியில் திரும்ப வாங்குவார். அந்த வருஷமும் அப்படித்தான் கொடுத்தார், அப்படித்தான் வாங்கினார். வெளியே இருந்த பொட்டை முதலாளியே துணியால் துடைத்திருந்தார்.

விஜயதசமி காலையில் பெட்டி பெட்டியாகச் சோடாவும் கலரும் வண்டியில் ஏறிவிட்டன. என் வீட்டுக்காரர் பிளக்குகளை மாட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்து, ஹேண்டிலைச் சுற்றினார்.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு இருமல் வரும், அதற்கடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குச் சுற்று வந்தது, இருமல் வரவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இருமல் வரும் வரும் என்று காது கொடுத்துக்கொண்டே அதே அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்தேன்.

தொட்டியண்டை இரண்டு பெண்கள் பாட்டில் கழுவுவார்கள். இரண்டு பேருக்கும் வாய் சும்மா இருக்காது.

"இன்னா டிரைவரே, வண்டி இன்னிக்கும் விரதமா?" என்றாள் ஒருத்தி.

"நேத்து பொரி ஜாஸ்தியாப் பூட்ச்சுடி. செரிக்கல" என்றாள் மற்றவள்.

மற்ற நாளாக இருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து பழைய துணி கேட்டார்.

"நேத்து கழுவும்போது உள்ள தண்ணி பூந்துக்கிச்சு போல கீது. நான்தான் வாளி வாளியா ஊத்தினேன்" என்றார் மெதுவாக.

என் பழைய புடவைக் கிழிசலால் ஒயர்களை எல்லாம் துடைத்தார். அப்படியும் பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமான பெட்ரோல் நிரம்பியிருந்தது. பிறகு பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒருவர் ஒயரைப் பிடிக்க, இன்னொருவர் சுற்ற வேண்டும். கேஸ் மெஷின்காரர் லீவு. என்னைக் கூப்பிட்டார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அந்த ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தேன். கட்டைவிரலை மேலே வைக்காதே, உதைத்தால் உடைந்துவிடும் என்றார். முழுச் சுற்று என்னால் முடியவில்லை. அரைச் சுற்றுக்கே தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இதைத்தான் இந்த மனுஷன் இத்தனை வருஷம் செய்கிறாரா என்று நினைத்தேன். பிளக்கிலிருந்து கழற்றிய ஒயரின் நுனியை அவர் எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். 'டிக்' என்று நீலமாக ஒரு பொறி குதித்தது.

"கரண்டு கீது" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. இல்லாமல் இருந்திருந்தால் எது கெட்டது என்று தெரிந்திருக்கும்.

ராயப்பேட்டை மெக்கானிக் பாய்க்குச் சொல்லி அனுப்ப, அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பாய் எங்களுக்கு வெகுநாள் பழக்கம். எந்த வண்டி கெட்டாலும் கார்பரேட்டரில்தான் கெட்டிருக்கும் என்பது அவர் கட்சி. வந்ததும் அதைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் வாயை வைத்து ஊதினார். மாட்டினார். பிடிக்கவில்லை. ஒயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். மாறவில்லை. ஹேண்டிலை வாங்கித் தானே சுற்றிப் பார்த்துவிட்டு, வண்டியின் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கரண்டு வருது. பெட்ரோல் வருது. உள்ள அமுக்கமும் நல்லாருக்குது. மூணும் இருந்தா ஓடணும். ஓடலேன்னா அது கோளாறு இல்ல நைனா, பிடிவாதம்."

"பிளக்க ஒருவாட்டி பாத்துருவோம் பாய்."

நாலையும் கழற்றினார்கள். பெட்ரோலில் நனைந்திருந்தன. பாய் ஒன்றைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் நீட்டினார்.

"பாரு. கறுப்பா இருந்தா எண்ணெய் ஏறுதுன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தா சூடு ஜாஸ்தி. இது சந்தனக் கலரு. நல்லா எரிஞ்ச பிளக்கு இப்படித்தான் இருக்கும். இதுல வேலையே இல்ல."

என் வீட்டுக்காரரும் பார்த்தார். "ஆமா பாய், நல்லாத்தான் எரிஞ்சிக்கீது" என்றார். திரும்ப மாட்டிவிட்டார்கள்.

அப்புறம் தள்ளிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஏற்றின பெட்டிகளை எல்லாம் இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார, பாயும் பாட்டில் கழுவும் பெண்களும் தெருவில் போனவர்கள் இரண்டு பேரும் சந்து முனை வரை தள்ளினார்கள். கியரில் போட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. திரும்ப அங்கிருந்து முற்றம் வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த நேரத்துக்கு வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மைத்துனர் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய், தள்ற ஆளுங்களுக்கும் கூப்பன் குடுப்பாங்களா?" என்றார்.

"அரிசிக் கூப்பனா குடுத்தா வாங்கிக்குவோம் சாமி" என்றார் பாய், நிமிராமலே.

பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர் காலையிலிருந்து முன்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தள்ளியும் பிடிக்காத வண்டி முற்றத்துக்குள் வந்ததும், "அம்பாளுக்கு இஷ்டமில்ல போல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் விறகு மண்டிக்காரர் என்று மைத்துனர் வரவேற்ற விதத்திலேயே தெரிந்தது. வெற்றிலை பாக்கு வைத்த தட்டு உள்ளே போனதைப் பின்கட்டிலிருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குள் குனிந்திருந்தார், பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம், போகட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. விடியாத நேரத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் ஒரு நாள் எழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே, எழுந்திருக்க ஒரு அறை எங்கே இருக்கும் என்ற நினைப்பும் வந்தது.

பாய் பிளக்குகளை மறுபடி கழற்றிக்கொண்டு என் கதவண்டை வந்தார்.

"தங்கச்சி, அடுப்புல நெருப்பு கீதா? சுத்திச் சுத்திப் பெட்ரோல்ல ஊறிப்போச்சு. கொஞ்சம் வாட்டிக் குடும்மா, ஈரம் போவட்டும்."

நனைந்த பிளக்கை நெருப்பில் வாட்டிக் காயவைப்பது அவர்களுக்கு வழக்கம்தான். உலையை இறக்கிவிட்டுக் கரியடுப்பின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு நாலையும் வரிசையாக வைத்தேன். ஒட்டியிருந்த பெட்ரோல் 'பப்' என்று எரிந்து அடங்கியது. நான் விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வாசனை வந்தது.

பெட்ரோல் நாற்றமும் எண்ணெய் கருகும் நாற்றமும் எனக்குப் பழக்கம், அவர் சட்டையிலேயே இருக்கும். இது வேறு. கோயில் பக்கமாக நடந்துபோகும்போது வருமே, அது. முதலில் முன்கட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். பிளக்கிலிருந்துதான் வந்தது.

"ஏங்க, இங்க வந்து மோந்து பாருங்க" என்றேன்.

அவரும் பாயும் வந்தார்கள். மூன்று பேரும் அந்தச் சின்ன அடுப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டோம். பாய் இடுக்கியால் ஒரு பிளக்கை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஊக்கு கேட்டார். ரவிக்கையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். பிளக்கின் வாய்க்குள், நடுவில் இருக்கிற பீங்கானைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். ஊக்கை விட்டு அந்தப் பள்ளத்தைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. அதில் சிவப்பாகக் குங்குமமும் தெரிந்தது.

பொறி பாய வேண்டிய இடத்தில் அது பாயாமல், அந்த ஈரச் சந்தனத்தின் வழியே இறங்கி இரும்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பிற்பாடு எனக்கு விளக்கியது இது. ஒயரைத் தனியாகப் பிடித்துப் பார்த்தபோது பொறி வந்ததற்கும் காரணம் அதுதான். பிளக்கை ஒயரோடு சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும் என்றார்.

பாய் ஊக்கின் நுனியைத் துணியில் துடைத்தார். "நான் பாஸ் போட்ட சந்தனக் கலரு இதான்" என்றார்.

"வருஷா வருஷம் வெளியதானே வெப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"போய்ச் சொல்லு."

"இன்னான்னு சொல்றது பாய்? உங்க சாமிக்கு வெச்ச சந்தனம்தான் வண்டிய நிறுத்திச்சுன்னு நான் போய் சொல்லணுமா? அதும் இன்னிக்கு?"

"நான் சொன்னா மட்டும் நல்லாருக்குமா?"

"ஒண்ணும் வாணாம். கார்பரேட்டர்ல அடைப்புன்னு சொல்லிருவோம்."

"என் தலையில போடற. சரி, போடு."

இருவரும் நாலு பிளக்கையும் சுரண்டி முடிக்கவில்லை, முதலாளியே பின்கட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லத்தான் வந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கதவண்டை வந்ததும் நின்றார். மூக்கை உறிஞ்சினார். தகரத்தின் மேல் கிடந்த மஞ்சள் பொருக்கைப் பார்த்தார். பாயின் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தார்.

"அடைப்பு மொதலாளி, கார்பரேட்டர்ல..." என்று பாய் தொடங்கினார்.

"இரு பாய்" என்றார் முதலாளி.

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த சோடாப் பெட்டியில் உட்கார்ந்தார். எங்கள் வாசலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்பவும் மேலதான் வெப்பேன். இந்த வருஷம் மச்சான் விக்கணும் விக்கணும்னுக்கினே கீறான். வண்டி நம்மள விட்டுப் பூடக் கூடாதுன்னு வேண்டிக்கினு, உள்ளயும் வெச்சேன் நைனா. நாலுத்துக்கும். ஒண்ணக்கூட விடல."

இறக்கி வைத்த உலையில் அரிசி அப்படியே கிடந்தது.

"இதனாலதானா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் மறைக்க அவருக்குத் தெரியாது.

பிளக்குகளை மாட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஹேண்டிலைப் போட்டார். இரண்டாவது சுற்றில் அந்த இருமல் வந்தது. மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் அடுக்கியிருந்த பாட்டில்கள் எல்லாம் அந்த அதிர்வில் கலகலவென்றன. பாட்டில் கழுவும் பெண்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்கள், ஒன்றும் கேலி செய்யவில்லை. மைத்துனர் முன்கட்டிலிருந்து வந்தார். வண்டியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"மாமா, தாம்பூலம் மாத்தியாச்சு" என்றார்.

"தெரியும்டா."

"அவரு உள்ளதான் குந்திக்கினு கீறாரு."

"தெரியும்னு சொல்றேன்ல."

முதலாளி எஞ்சின் மூடியில் கை வைத்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"விஜயதசமி அன்னிக்குக் குடுத்த வாக்கு. வேற நாளாயிருந்தா போய்க் கால்ல வுழுந்தாவது திருப்பி வாங்கிருப்பேன். இன்னிக்கிக் குடுத்தத எப்பிடி நைனா மாத்துவேன்?"

"பரவால்ல மொதலாளி" என்றார் என் வீட்டுக்காரர்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் ரூம்ல இருங்க. அதுக்குள்ள எங்கயாச்சும் பாரு."

"சரி மொதலாளி."

"லோடு போவட்டும்" என்றார். "இன்னிக்கி நம்ம வண்டிதானே. போவட்டும்."

பெட்டிகளை மறுபடி ஏற்றினார்கள். பாயும் பாட்டில் கழுவும் பெண்களும் கை கொடுத்தார்கள். மத்தியானம் தாண்டிவிட்டது. வண்டி சந்து முனையில் திரும்புகிற வரை முதலாளி வாசலில் நின்றார். நான் உலையைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன். அந்தச் சோற்றில்கூடச் சந்தன வாசனை இருந்தது போல எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் திரும்பினார். அடையாறு கடைக்காரர் ஏன் தாமதம் என்று கேட்டாராம், பிளக் என்று மட்டும் சொன்னாராம். பாலத்தின் மேல் வண்டி நன்றாக இழுத்தது என்றார். வழக்கம்போல வண்டியைத் துடைத்தார், எண்ணெய் பார்த்தார், காலிப் பாட்டில்களை எண்ணி இறக்கினார். எதற்குத் துடைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டதும் மணிக்கட்டை நீட்டினார், நான் எண்ணெய் தடவினேன். இனிமேல் இந்தக் கை கொஞ்சம் தேறும் என்று சொல்ல நினைத்தேன். அதை நல்ல செய்தியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். என் வீட்டுக்காரர் ஹேண்டிலைப் போட்டுக் காட்டினார், ஒரே சுற்றில் பிடித்தது. அவன் ஓட்டிக்கொண்டு போனான். அவர் உள்ளே வந்து கை கழுவிவிட்டுக் கஞ்சி குடித்தார்.